சித்தப்பாவின் சீட்டுக் கணக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் மணிக்கூண்டு அருகே டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "சார், என்னைத் தெரியுதா?" என்று ஒருவர் வந்து நின்றார். ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்த பையன். வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசர். வயது நாற்பதைத் தொட்டிருக்கும். பேச்சு எங்கெங்கோ சுற்றி, செல்போன் ரம்மியில் வந்து நின்றது. நாலு வருடம் ஆடியிருக்கிறான். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு தடைச்சட்டம் கொண்டுவந்ததும்தான் நின்றிருக்கிறது.

"உச்ச நீதிமன்றத்துல கேஸ் நடக்குது சார். திரும்பத் திறந்தா ஆறே மாசத்துல விட்டதை எடுத்துருவேன். ரம்மி சூதாட்டம் இல்ல சார், திறமை விளையாட்டுன்னு கோர்ட்டே சொல்லியிருக்கு."

"எந்தக் கோர்ட்டுப்பா?"

அவனுக்குத் தெரியவில்லை. விளம்பரத்தில் பார்த்திருக்கிறான். ஆனால் அவன் சொன்னது பொய் இல்லை. அதுதான் என்னை ஒரு மாதமாக யோசிக்க வைத்தது.

தீர்ப்பு 1967 நவம்பரில் வந்தது. செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் பணம் வைத்து ரம்மி ஆடியவர்களைப் போலீஸ் பிடித்த வழக்கு. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஹிதாயதுல்லா தீர்ப்பு எழுதினார். மூணு சீட்டு போல ரம்மி முழுக்க அதிர்ஷ்டம் அல்ல, விழுந்த சீட்டுகளை ஞாபகம் வைக்க வேண்டும், எதைக் கையில் வைப்பது எதைக் கழிப்பது என்பதில் கணிசமான திறமை வேண்டும் என்பது அதன் சாரம். நம் சென்னை மாகாணத்து 1930 சூதாட்டச் சட்டத்திலும் திறமை விளையாட்டுக்கு விலக்கு உண்டு. 1996இல் குதிரைப் பந்தயமும் திறமைதான் என்று தீர்ப்பானது. அதுவும் தமிழ்நாட்டு வழக்கு, கே.ஆர். லட்சுமணன் வழக்கு.

1967 தீர்ப்பிலேயே இன்னொரு பகுதி உண்டு. ஆட்டத்திலிருந்து கிளப் நடத்துகிறவர் லாபம் எடுத்தால் அது குற்றமாகலாம் என்றும் நீதிபதிகள் எழுதியிருக்கிறார்கள். விளம்பரத்தில் அதை யாரும் போடுவதில்லை.

திறமை என்றதும் எனக்கு என் சித்தப்பா ஞாபகம்தான் வரும். பேகம்பூர் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதியவர். வாரத்தில் மூன்று நாள், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், ஊரில் ஒரு கிளப்பில் ரம்மி. சிறுவனாக நான் அவருக்கு டிபன் கேரியர் கொண்டுபோவேன். மற்றவர்கள் தங்கள் சீட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சித்தப்பா எதிராளி எடுக்கிற சீட்டையும் போடுகிற சீட்டையும் பார்ப்பார். "கிளாவர் ஏழை அவர் ரெண்டாவது கையிலயே போட்டுட்டாரு, அப்ப எட்டும் ஒன்பதும் அவர்கிட்ட ஜோடியா இல்ல" என்று வீட்டுக்கு வரும்போது எனக்குப் பாடம் நடத்துவார்.

அவருடைய பெரிய வித்தை ஸ்கூட் அடிப்பது. பதிமூன்று சீட்டைப் பிரித்துப் பார்த்ததும் ஜோக்கரும் இல்லை, வரிசைக்கு வழியும் இல்லை என்றால் உடனே கவிழ்த்துவிடுவார். 101 ஆட்டத்தில் முதலிலேயே ஸ்கூட் என்றால் 20 பாயிண்ட், நடுவில் விட்டால் 40, மாட்டிக்கொண்டால் 80. "கெட்ட கையை 20க்கு வித்துரணும்டா. வாங்குறதுக்கு ஆள் இருக்கும்போதே வித்துரணும்." பக்கத்தில் இருப்பவர்கள் கேலி செய்வார்கள். அவருக்குக் கவலை இல்லை.

இங்கிருந்து கொஞ்சம் தூரம் போக வேண்டியிருக்கிறது. சில வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மருமகன் எங்களை லாஸ் வேகாஸ் கூட்டிப்போனார். எனக்கும் வீட்டுக்காரம்மாவுக்கும் அந்த வெளிச்சமும் சத்தமும் தலைவலிதான். ஒரு மூலையில் என் வயதுள்ள ஒரு அம்மையார் தனியாக ஒரு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, நிதானமாகப் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்தார். வீடியோ போக்கர் என்றார் மருமகன். திரையில் ஐந்து சீட்டு வருகிறது. வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததைக் கழிக்கலாம். கழித்ததற்குப் பதில் புதுச் சீட்டு வரும். ஜோடி, வரிசை, ஒரே இனம் என்று அமைவதைப் பொறுத்துப் பணம். எதை வைப்பது, எதைக் கழிப்பது! நீதிபதி ஹிதாயதுல்லா சொன்ன அதே விஷயம், கண்ணாடித் திரைக்குள்.

1970களின் கடைசியில் சை ரெட் என்பவர் இதைப் பெரிய வியாபாரமாக்கினார். கைப்பிடியை இழுத்துவிட்டு வேடிக்கை பார்க்கும் பழைய இயந்திரத்துக்கும் இதற்கும் வித்தியாசம், இதில் முடிவெடுப்பது ஆடுகிறவர். 52 சீட்டில் ஐந்து சீட்டுக் கைகள் 25,98,960. ஒவ்வொரு கையையும் வைக்கவும் கழிக்கவும் 32 வழி. அதில் சிறந்த வழி எது என்று கணினியில் கணக்குப் போட்டுப் புத்தகமாகவே விற்றார்கள்.

ஆனால் கெட்டிக்கார ஆட்டக்காரர் உட்காருவதற்கு முன்பே ஒரு வேலை செய்வார். இயந்திரத்தின் மேல் எழுதியிருக்கும் பரிசுப் பட்டியலைப் படிப்பார். ஜாக்ஸ் ஆர் பெட்டர் என்ற ஆட்டத்தில் ஃபுல் ஹவுஸுக்கு 9, ஃபிளஷ்ஷுக்கு 6 என்று இருந்தால், பிழையில்லாமல் ஆடுகிறவருக்கு நீண்ட காலத்தில் 99.54 சதவீதம் திரும்பி வரும். பக்கத்து இயந்திரத்தில் 8, 5 என்று இருந்தால் 97.30தான். பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். மணிக்கு 600 கை, கைக்கு ஒன்றேகால் டாலர் என்று வைத்தால் 750 டாலர் புரளும். முதல் இயந்திரத்தில் சராசரி நட்டம் மூன்றரை டாலருக்குள். இரண்டாவதில் 20 டாலருக்கு மேல். அதே ஆள், அதே திறமை.

இதில் பேர் வாங்கியவர்களில் ஜீன் ஸ்காட் என்று ஒருவர், இந்தியானா மாநிலத்துப் பள்ளி ஆசிரியை. (நம்ம ஜாதி! ஆசிரியர் ஜாதியைச் சொல்கிறேன்.) ஓய்வுக்குப் பிறகு கணவரோடு லாஸ் வேகாஸ் போய், பெரும்பாலும் கால் டாலர் இயந்திரத்தில் ஆடி, சூதாட்ட விடுதிகள் தரும் இலவச அறை, சாப்பாடு, கூப்பன் எதையும் விடாமல் சேர்த்து வாழ்ந்தவர். 1998இல் அதைப் புத்தகமாக எழுதினார். காய்கறிக் கடையில் கொசுறு கேட்கும் புத்திதான். பட்டியல் நன்றாக இல்லை என்றால் அந்த இயந்திரத்தில் உட்காரமாட்டார். சித்தப்பாவின் ஸ்கூட்டும் அதுவும் ஒன்றே.

ஒரு வித்தியாசம் இருக்கிறது. அந்த ஆசிரியைக்கு எதிரே இருப்பது விடுதிக்காரன். சித்தப்பாவுக்கு எதிரே இருந்தவர்கள் நம் ஊர்க்காரர்கள்.

சித்தப்பா இறந்தபின் அவருடைய பாக்கெட் டைரிகள் என்னிடம் வந்தன. ஒவ்வொரு நாள் ஆட்டத்துக்கும் வரவு, செலவு, கிளப்புக்குக் கொடுத்த சீட்டுக்காசு, டீ, பீடி எல்லாம் எழுதியிருக்கிறார். கணக்குப்பிள்ளை அல்லவா. 1978 முழு வருடத்தையும் ஒரு நாள் உட்கார்ந்து கூட்டினேன். நிகர லாபம் 212 ரூபாய். ஊரிலேயே கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவருக்கு, வாரம் மூன்று நாள் வீதம் ஒரு வருட உழைப்பு! அந்தத் தீபாவளிக்கு எங்கள் எல்லோருக்கும் துணி எடுத்த செலவுக்கே அது போதியிருக்காது.

அதே டைரியில் யார் எவ்வளவு விட்டார்கள் என்றும் குறிப்பு இருக்கிறது. திரும்பத் திரும்ப ஒரே மூன்று பேர். அதில் ஒருவர் பூட்டுப் பட்டறையில் கூலிக்கு ராவுகிறவர். 1979 சித்திரையில் அவர் சைக்கிளை விற்றுவிட்டு நடந்து வந்தார் என்று ஒரு வரி. அதற்கு அடுத்த பக்கங்களில் சீட்டுக் கணக்கே இல்லை. சித்தப்பா ஏன் நிறுத்தினார் என்று யாரிடமும் சொன்னதில்லை. நாங்கள் சித்தி திட்டியிருப்பார் என்று நினைத்திருந்தோம்.

அதிர்ஷ்ட விளையாட்டென்றால் அந்தப் பட்டறைக்காரருக்கும் சில நாள் விழுந்திருக்கும், ஏறக்குறைய சமமாகியிருக்கும். திறமை விளையாட்டு என்பதால்தான் அவர் வாராவாரம் தோற்றார். நீதிமன்றம் சட்டத்தின் கேள்விக்குச் சரியான விடை சொல்லியிருக்கிறது. ஆனால் "இது திறமை விளையாட்டு" என்பதை என் மாணவன் தனக்குக் கிடைத்த பாதுகாப்பாக எடுத்துக்கொண்டான். திறமை குறைந்தவனுக்கு அது நேர் எதிரான செய்தி.

செல்போனில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது, மேசை வாடகை. உதாரணத்துக்கு, இரண்டு பேர் ஆளுக்கு 100 ரூபாய் வைக்கிறார்கள், கம்பெனி பத்து சதவீதம் எடுத்துக்கொண்டு ஜெயித்தவருக்கு 180 தருகிறது என்று வைப்போம். இருவரும் சம திறமைசாலிகள், 40 ஆட்டம், ஆளுக்கு இருபது வெற்றி. போட்டது 4000, வந்தது 3600. இருவருமே 400 நட்டம்! நூறில் 56 ஆட்டம் ஜெயிக்கிறவன்தான் தலை தூக்கலாம். சித்தப்பா கிளப்பில் கொடுத்தது சீட்டுக்காசு மட்டும். போதாததற்கு 2023 அக்டோபர் முதல் போடுகிற பணத்தின் மேலேயே 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது.

நம் மாநில அரசு சும்மா இருக்கவில்லை. 2020 நவம்பரில் அவசரச் சட்டம், 2021இல் சட்டம், அதே ஆண்டு ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிறகு நீதிபதி சந்துரு குழு, 2022 அக்டோபரில் மறுபடி அவசரச் சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பியது, 2023 மார்ச்சில் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது, ஏப்ரலில் சட்டமானது. நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு, அவற்றைத் தடை செய்த பகுதி செல்லாது என்றது. 2025இன் மத்தியச் சட்டம்தான் திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டு, பணம் வைத்து ஆடுவதா என்று மட்டும் பார்க்கிறது.

பையனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "பேங்க் ஸ்டேட்மெண்ட் எடுத்துட்டு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாப்பா" என்றேன். வருவான் என்று எதிர்பார்க்கவில்லை. வந்தான், நாலு வருடத் தாள் கட்டோடு. திண்ணையில் உட்கார்ந்தோம். ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு வரவு, செலவு என்று எழுதச் சொன்னேன். ஏழாம் வகுப்பில் போட்ட மாதிரியே எண்களை அடுக்கினான். கையெழுத்து இன்னும் மாறவில்லை.

"பத்துக்கு ஆறு ஜெயிப்பேன் சார்" என்று சொல்லிக்கொண்டே எழுதினான். மூன்றாவது பக்கத்தில் வரவுப் பக்கம் 40,000 என்று ஒரு தொகை விழுந்தது.

"இது எந்த ஆட்டத்துல ஜெயிச்சதுப்பா?"

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஜெயிச்சது இல்ல சார். நகைக் கடன்."

சிவப்புப் பேனாவை நீட்டினேன். அவனே அந்த வரியை அடித்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் கூட்ட ஆரம்பித்தான்.