170 வோல்ட் கேட்கும் குழாய்

கண்ணாடிக்குள் ஆரஞ்சு நிறத்தில் இலக்கம் காட்டும் நிக்சி குழாய் எரிய ஏறத்தாழ 170 வோல்ட் டி.சி. மின்சாரம் வேண்டும். எரியத் தொடங்கிய பின் அது இழுக்கும் மின்னோட்டமோ இரண்டு மூன்று மில்லியாம்பியர்தான். அழுத்தம் நிறைய, ஓட்டம் கொஞ்சம் என்ற இந்தத் தேவை கிள்ளான் பள்ளத்தாக்குக்கு நிக்சியோடு வந்ததல்ல; வால்வு வானொலிக் காலத்திலேயே வந்துவிட்டது. அந்த அழுத்தத்தை எங்கிருந்து பெறுவது என்பதற்கு ஒவ்வொரு தலைமுறையும் ஒரு வழி கண்டது.

இவ்வட்டாரத்தில் மின்சாரம் முதலில் தலைகாட்டியது ராவாங்கில். 1894இல் தம்புசாமி பிள்ளையும் லோக் யூவும் தங்கள் ஈயச் சுரங்கத்தில் நீர் இறைக்க மின்னாக்கி நிறுவினர். கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலையும் பத்துமலையையும் வைத்தே நினைக்கப்படும் பிள்ளைக்கு இந்தப் பெருமையும் உண்டு. அது அதிகம் பேசப்படுவதில்லை. பிரிக்ஃபீல்ட்ஸுக்கு அடுத்த பங்சாரில் 1927இல் மின்நிலையம் வந்தது. அதற்கான நிலக்கரி பத்து ஆராங்கிலிருந்து வந்தது. 1930இல் வானொலி ஆர்வலர் சங்கம் ஒன்று புக்கிட் பெட்டாலிங்கிலிருந்து ஒலிபரப்பத் தொடங்கியது.

நகரத்து வீட்டில் வானொலிக்குள் இருந்த மின்மாற்றி, சுவரிலிருந்து வந்த மின்சாரத்தை 250 வோல்ட்டுக்கு மேல் உயர்த்தி வால்வுகளுக்குக் கொடுத்தது. கம்பி எட்டாத ரப்பர் தோட்டங்களில் அதற்கு வழியில்லை. அங்கே ஓடிய பேட்டரி வானொலிக்கு இரண்டு மின்கலங்கள் வேண்டும்: இழையைச் சூடாக்க 1.5 வோல்ட்டில் ஒன்று, வால்வின் நேர்முனைக்கு 90 வோல்ட்டில் இன்னொன்று. 90 வோல்ட் என்பது 60 சிறு செல்களைத் தொடராக அடுக்கிய ஒரு கனத்த பெட்டி. கார் பேட்டரியை நம்பியவர்கள் வைப்ரேட்டர் என்ற கருவியை வைத்தார்கள். அதிலிருந்த உலோக நாக்கு ஓயாமல் அதிர்ந்து 6 வோல்ட் மின்சாரத்தை வெட்டி வெட்டி விடும். மின்மாற்றி அதை உயர்த்தும். நாக்கு தேய்ந்தால் வானொலி ஊமையாகிவிடும். 1948இல் அவசரகாலம் தொடங்கிய பின் ரேடியோ மலாயா தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொது வானொலிப் பெட்டிகள் வைத்தபோதும் மின்கலச் சிக்கல் கூடவே போனது. கம்பி மின்சாரத்தின் பக்கமோ, கிள்ளானில் கோனாட் பிரிட்ஜ் மின்நிலையம் 1953இல்தான் இயங்கத் தொடங்கியது.

அக்காலத்து வானொலிகளில் விலை கூடியவற்றின் முகப்பில் பச்சையாக ஒளிரும் ‘மாயக்கண்’ இருக்கும். 1935இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. வெளியிட்ட 6ஈ5 இவ்வகையில் முதலாவது. நிலையம் சரியாகப் பிடிபட்டால் கண்ணின் நிழல் ஒடுங்கும். பொழுதுபோக்குக்காகக் குழாய்களை ஒளிரவிடுவோர் இன்றும் இதைத் தேடுகிறார்கள்; இதற்கும் 200 வோல்ட்டை ஒட்டிய அழுத்தம் வேண்டும்.

நிக்சியை 1955இல் அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் ஆயுளைச் சுருக்கியதில் மலேசியாவுக்கும் பங்குண்டு. 1972இல் பினாங்குக்கு வந்த தொழிற்சாலைகளில் ஒன்றான லிட்ரோனிக்ஸ், எல்.இ.டி. தயாரிப்பு நிறுவனம். அதே ஆண்டில் பெட்டாலிங் ஜெயாவின் சுங்கைவேயில் தடையற்ற வணிக வட்டாரம் திறந்தது. ஐந்து வோல்ட்டிலேயே இலக்கம் காட்டும் எல்.இ.டி. கிடைத்த பின் 170 வோல்ட்டைத் தேடுவார் யார்? வீடியோ ரெக்கார்டர்களில் நீலப்பச்சையாக மினுங்கிய வி.எஃப்.டி. (வெற்றிட ஒளிர்காட்சி) மட்டும் சில காலம் தாக்குப்பிடித்தது. அதற்கு 20 முதல் 50 வோல்ட் போதும். ஆனால் இழைக்குத் தனி மின்சாரம் வேண்டும்; அதுவும் ஏ.சி.யாக இருந்தால்தான் காட்சியின் ஒரு முனை மங்கலாகாது.

இன்று ஆர்வலர்கள் பெரும்பாலும் சோவியத் காலத்தில் செய்து மிஞ்சிய ஐ.என்-14 போன்ற குழாய்களை அஞ்சலில் வரவழைக்கிறார்கள். மற்ற உதிரிகளுக்குக் கோலாலம்பூர் புடுவின் ஜாலான் பாசார் கடைகள் இருக்கின்றன. 12 வோல்ட் அடாப்டர், எம்.சி.34063 சில்லு, கம்பிச்சுருள், மாஸ்ஃபெட், வேகமான டயோடு, 250 வோல்ட் தாங்கும் மின்தேக்கி ஆகியவை சேர்ந்தால் 180 வோல்ட் வரும். சுருளில் ஓடும் மின்னோட்டத்தை மாஸ்ஃபெட் நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டிக்கிறது; துண்டிக்கும்போதெல்லாம் சுருளில் எழும் உயர் அழுத்தம் டயோடு வழியாக மின்தேக்கியில் சேர்கிறது. வைப்ரேட்டரின் நாக்கு பார்த்த வேலைதான் இது, தேய்மானம் இல்லாமல்.

குழாய் எரியும்போது அதன் குறுக்கே சுமார் 140 வோல்ட் நிற்கும். மீதி 40 வோல்ட்டை ஒரு மின்தடை தாங்க வேண்டும். 2.5 மில்லியாம்பியருக்கு அதன் அளவு 16 கிலோ ஓம். இது இல்லாவிட்டால் மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் ஏறிக் குழாய் பாழாகும். நான்கு குழாய்க் கடிகாரம் ஒன்றுக்கு மொத்தம் 10 மில்லியாம்பியர், அதாவது 1.8 வாட் போதும். இவ்வளவு சொற்ப மின்சாரத்துக்காகச் சுவர் மின்சாரத்தை நேராகத் திருத்தி எடுப்பது வீண் விபரீதம்: 240 வோல்ட் ஏ.சி. திருத்தப்பட்டால் உச்சத்தில் 340 வோல்ட் ஆகிறது, சுற்றும் வீட்டு மின்கம்பியோடு நேராக இணைந்துவிடுகிறது. அடாப்டர் வழியும் முழுக்கப் பாதுகாப்பானதல்ல. இணைப்பைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் 180 வோல்ட் சற்று நேரம் நிற்கும். அளவுமானியில் அது இறங்கியதைப் பார்த்த பின்பே சுற்றில் கைவைக்க வேண்டும்.