நாற்பதில் ஒரு வரி

1940ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கா முழுக்கச் சுமார் 1,20,000 கணக்கெடுப்பாளர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். அவர்கள் சுமந்து போன தாள் பெரியது. பக்கத்துக்கு 40 வரிகள், ஓர் ஆளுக்கு ஒரு வரி. பெயர், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, இனம், வயது, எது வரை படிப்பு, எங்கே பிறப்பு, ஐந்து வருடத்துக்கு முன்பு எந்த ஊரில் குடியிருப்பு, என்ன வேலை, போன வருடம் எத்தனை வாரம் வேலை இருந்தது, கூலியாகவோ சம்பளமாகவோ கைக்கு வந்தது எவ்வளவு என்று கட்டம் கட்டமாக நீண்டுகொண்டே போகும். அந்த வரிகளில் ஒன்றின் கதையைத்தான் சொல்லப்போகிறேன். யாருடைய வரி என்பது பொருட்டல்ல. மொத்தம் 13 கோடியே 21 லட்சம் வரிகள். எல்லாம் ஏறக்குறைய ஒரே பாதையில்தான் போயின.

வரி பிறந்தது வாசல் பேச்சில். வீட்டில் யார் பதில் சொன்னாரோ அவர் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி போடவேண்டும் என்று அந்த ஆண்டு விதி இருந்தது. நல்ல விதி. குறி மனைவியின் பெயரருகே இருந்தால், கணவனின் சம்பளம் என்று எழுதியிருப்பது மனைவிக்குத் தெரிந்த சம்பளம் என்று புரிந்துகொள்ளலாம்.

சம்பளக் கேள்வி அந்த ஆண்டுதான் முதன்முதலாக வந்தது. வரும்போதே சண்டையோடு வந்தது. நியூ ஹாம்ப்ஷயரின் செனட்டர் சார்ல்ஸ் டோபி, அரசாங்கத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று எதிர்ப்பு இயக்கமே நடத்தினார். கடைசியில் ஒரு சமரசம்: வாசலில் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் தனித் தாளில் எழுதி உறையிலிட்டு வாஷிங்டனுக்கு அனுப்பிவிடலாம். 5,000 டாலருக்கு மேல் வாங்குகிறவர்கள் சரியான தொகை சொல்லவேண்டாம். அதற்கு மேல் என்று குறித்தால் போதும். சொந்தக் கடை, சொந்த நிலம் வைத்திருந்தவர்களின் லாபம் கேள்வியிலேயே இல்லை. சம்பளம் தவிர வேறு வழியில் 50 டாலராவது வந்ததா, ஆமா இல்லையா, அவ்வளவுதான். இதனால் வட்டாரத்திலேயே பெரிய பண்ணைக்காரரின் வரியில் சம்பளம் பூஜ்யம் என்று இருக்கும். அவரிடம் வேலை பார்த்தவரின் வரியில் சில நூறு டாலர் இருக்கும். பின்னாளில் கணினியில் இதைத் திறந்து அவசரமாகச் சராசரி போடுகிறவர் தடுக்கி விழக்கூடிய இடம் இது.

வரிக்குத் தலையெழுத்தும் உண்டு. பக்கத்தின் 14ஆவது அல்லது 29ஆவது வரியில் உங்கள் பெயர் விழுந்துவிட்டால் கூடுதலாகச் சில கேள்விகள்: பெற்றோர் பிறந்த இடம், சிறுவயதில் வீட்டில் பேசிய மொழி, மணமான பெண் என்றால் முதல் திருமணத்தின்போது வயது, பெற்ற குழந்தைகள் எத்தனை. 40க்கு 2, அதாவது நூற்றுக்கு 5 பேர். அமெரிக்கக் கணக்கெடுப்பில் மாதிரி எடுக்கும் முறை நுழைந்த வாசல் இதுதான். பிற்காலத்தில் ஜப்பானியத் தொழிற்சாலைகளில் பெயர் பெற்ற எட்வர்ட்ஸ் டெமிங்கும் இந்த ஏற்பாட்டில் பங்குகொண்டவர். தாளின் சில பதிப்புகளில் வரி எண்களை மாற்றியும் அச்சிட்டார்கள். பக்கத்தின் முதல் வரிகளில் குடும்பத் தலைவர்களே அதிகம் வருவார்கள் என்பதால், ஒரே இடத்தில் மாதிரியை எடுத்தால் கணக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

தாள்கள் வாஷிங்டன் வந்து சேர்ந்ததும் எழுத்துகள் எண்களாயின. குமாஸ்தாக்கள் தொழிலுக்கும் பிறந்த இடத்துக்கும் உறவுக்கும் குறியீடுகள் எழுதினார்கள். அவற்றைப் பார்த்து மற்றவர்கள் அட்டையில் துளையிட்டார்கள். வரி முதன்முதலாக இயந்திரம் படிக்கும் உருவம் எடுத்தது அப்போது. இந்த வித்தைக்கு அப்போதே 50 வயது. 1880ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைக் கையால் கூட்டி முடிக்க அந்தப் பத்தாண்டின் பெரும்பகுதி போய்விட்டது. அதைப் பார்த்த ஹெர்மன் ஹாலரித் 1890 கணக்கெடுப்புக்குத் துளையட்டை இயந்திரம் செய்து கொடுத்தார். அட்டையின் மேல் ஊசிகள் இறங்கும். துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போய்ப் பாதரசத்தைத் தொடும். மின்சுற்று மூடி முள் ஒரு எண் நகரும். அட்டை சரியாகப் படிக்கப்பட்டதற்கு மணி அடிக்கும். ரயிலில் டிக்கெட் பரிசோதகர் பயணியின் தலைமுடி நிறத்தையும் கண்ணின் நிறத்தையும் டிக்கெட்டில் துளையிட்டுக் குறித்ததைப் பார்த்து யோசனை வந்ததாக ஹாலரித் பின்னாளில் சொன்னார். ஆளை அடையாளம் காண்பதற்காக இட்ட துளையிலிருந்து ஆளை மறந்து எண்ணுவதற்கான துளை. அவர் தொடங்கிய நிறுவனம் பிறவற்றோடு இணைந்து, 1924இல் ஐபிஎம் என்று பெயர் மாறியது.

ஆளை மறந்து என்றேன். 1940இன் வரிகளுக்கு அது முழுதாகப் பொருந்தாது.

கணக்கெடுப்பை அறிவித்தபோது குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட், தகவல் கொடுப்பதால் யாருக்கும் எந்தத் தீங்கும் வராது என்று நாட்டுக்கு உறுதி கூறியிருந்தார். 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது. டிசம்பர் 9 அன்றே, அமெரிக்காவில் ஜப்பானிய வம்சாவளியினர் எங்கெங்கே எத்தனை பேர் என்ற அறிக்கை கணக்கெடுப்பு அலுவலகத்திலிருந்து வெளிவந்தது. கையால் தாள் புரட்டியிருந்தால் இரண்டு நாளில் முடியுமா? அட்டைகள் அடுக்கில் தயாராக இருந்தன. அடுத்த சில மாதங்களில் அலுவலகத்தைச் சேர்ந்த கால்வெர்ட் டெட்ரிக் மேற்குக் கரைக்கு அனுப்பப்பட்டார். ராணுவத்துக்குத் தேவையான அட்டவணைகள், நகரங்களில் தெருக்கட்டு வாரியாகக்கூட, கிடைத்தன. 1,20,000க்கும் மேற்பட்டவர்கள் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் அமெரிக்கக் குடிமக்கள்.

பெயர்களைக் கொடுக்கவில்லை, தொகைகளைத்தான் கொடுத்தோம் என்று அலுவலகம் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தது. வரலாற்றாசிரியர் மார்கோ ஆண்டர்சனும் புள்ளியியலாளர் வில்லியம் செல்ட்சரும் ஆவணக் கிடங்குகளில் வருடக்கணக்காகத் தேடி 2007இல் ஒரு கடிதப் போக்குவரத்தை வெளியிட்டார்கள். 1943இல் கருவூலத் துறை கேட்டபடி வாஷிங்டன் பகுதியில் இருந்த 79 ஜப்பானிய வம்சாவளியினரின் விவரம், ஆளுக்கு ஆள், தரப்பட்டிருந்தது. சட்டமீறல் என்றும் சொல்ல வழியில்லை; 1942இல் வந்த போர்க்கால அதிகாரச் சட்டம் ரகசியக் காப்பை விலக்கி வைத்திருந்தது. முகாம்களில் அலுவலகத்துக்கு இருந்த பங்குக்காக 2000ஆம் ஆண்டில் அதன் இயக்குநர் கென்னத் பிரூவிட் மன்னிப்புக் கேட்டார். மக்கள்தொகைத் தரவைப் பற்றிப் பேசுகிற யாரும் இந்தப் பக்கத்தைத் தாண்டிக் குதிக்கக் கூடாது என்பது என் கட்சி.

பிறகு வரி அடைபட்டது. தாள்களை மைக்ரோஃபிலிமில் படம் பிடித்துக்கொண்டு மூலத் தாள்களை அழித்துவிட்டார்கள். படமாவது பிடித்தார்களே என்று ஆறுதல் கொள்ளவேண்டும். ஹாலரித்தின் இயந்திரத்துக்குப் புகழ் தந்த 1890 கணக்கெடுப்பின் தாள்கள் 1921 ஜனவரியில் வர்த்தகத் துறைக் கட்டடத்தின் அடித்தளத்தில் தீப்பிடித்து, மிச்சம் தீயணைத்த தண்ணீரில் நனைந்து கிடந்தன. அந்த மிச்சத்தையும் அழிக்க 1933 பிப்ரவரியில் காங்கிரஸ் அனுமதி கொடுத்தது. அதற்கு முந்தின நாள்தான் தேசிய ஆவணக் காப்பகக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியிருந்தார்கள். 6 கோடிக்கும் அதிகமான ஆட்களில் இன்று தேறுவது ஏறத்தாழ 6,000 பெயர்கள்.

1952இல் கணக்கெடுப்பு அலுவலகமும் ஆவணக் காப்பகமும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி தனியாட்களின் விவரம் 72 ஆண்டுகள் பூட்டில் இருக்கும். 1978இல் இது சட்டமாயிற்று. நம் நாட்டில் பூட்டுக்கு ஆண்டுக் கணக்கே இல்லை. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு கணக்கெடுப்புப் பதிவுகளை யாரும் பார்வையிட முடியாது என்கிறது; எப்போது திறக்கும் என்று எந்தத் தேதியும் அதில் இல்லை. ஒரு அமெரிக்கர் தன் தாத்தாவின் 1940 சம்பளத்தைத் தேடிப் பார்க்கலாம். நாம் பார்க்க முடியாது. எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை. 79 பேரின் கதையைச் சற்று முன்புதான் எழுதினேன்.

பூட்டியிருந்த காலத்திலேயே நூற்றில் ஒரு பகுதி வரிகள் மட்டும் வெளியே வந்தன. முன்மாதிரி ஏற்கெனவே இருந்தது. 1960 கணக்கெடுப்பிலிருந்து ஆயிரத்துக்கு ஒருவர் வீதம், பெயரையும் ஊரையும் நீக்கி, ஆய்வாளர்களுக்கு அரசு கொடுத்திருந்தது. அதுவரை அரசு அச்சிட்ட அட்டவணைகளே ஆய்வாளர்களின் கதி. எதை எதோடு குறுக்கே வைத்துப் பார்ப்பது என்பதை அரசே முடிவு செய்தது. தனித்தனி ஆட்களின் வரி கைக்கு வந்ததும் அவரவர் கேள்விக்கு அவரவர் அட்டவணை போட முடிந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகமும் கணக்கெடுப்பு அலுவலகமும் சேர்ந்து 1940, 1950 படச்சுருள்களிலிருந்து அப்படி மாதிரிகளை உருவாக்கி 1980களில் வெளியிட்டன. படத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்தவர்கள் ரகசியக் காப்புக்கு உறுதிமொழி எடுத்த அரசு ஊழியர்கள்.

ஆனால் ஒவ்வோர் ஆண்டின் மாதிரியும் ஒவ்வொரு பாஷை பேசியது. ஒன்றில் விதவைக்கு ஓர் எண், அடுத்ததில் வேறு எண். தொழில் பட்டியல் பத்தாண்டுக்கு ஒருமுறை தலைகீழாக மாறும். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் ரகிள்ஸ் 1990களின் தொடக்கத்தில் இவற்றை ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவரும் வேலையில் இறங்கினார். அதன் பெயர் ஐபம்ஸ். குறியீட்டின் முன்னிலக்கம் எல்லா ஆண்டுக்கும் பொது. பின்னிலக்கங்கள் அந்தந்த ஆண்டின் நுணுக்கம். எதையும் அழிக்காமல் ஒப்பிட வைக்கிற இந்த ஏற்பாடு கண்ணில் படாத வேலை, ஆகவே பாராட்டும் குறைவு. 1940 தாளில் இந்தியாவிலிருந்து போனவர்கள், சீக்கியரோ முஸ்லிமோ, எல்லாரையும் ‘இந்து’ என்ற இனமாகவே எழுதினார்கள். நாடு முழுக்க 2,405 பேர். ஐபம்ஸ் அவர்களை இன்றைய ஆசிய இந்தியர் வரிசையில் சேர்க்கிறது. ஆனால் அந்தப் பழைய பெயரையும் குறியீட்டின் விளக்கத்திலேயே வைத்திருக்கிறது. திருத்தியதும் தெரியும், திருத்துவதற்கு முன்பு இருந்ததும் தெரியும்.

இன்னொரு காரியமும் செய்தார்கள். தாளில் உறவெல்லாம் குடும்பத் தலைவரைக் கொண்டுதான். ‘பேரன்’ என்று எழுதியிருந்தால் அந்த வீட்டிலுள்ள இரண்டு மகள்களில் யாருடைய பிள்ளை? வயது, குடும்பப் பெயர், தாளில் வரிகள் நிற்கிற வரிசை இவற்றை வைத்துக் கணித்து, ஒவ்வொரு வரியிலும் தாயின் வரி எண், தந்தையின் வரி எண், துணையின் வரி எண் என்று புதுக் கட்டங்கள் சேர்த்தார்கள். கணக்கெடுப்பாளர் எழுதாத உறவு வரிக்குள் வந்தது.

2012 ஏப்ரல் 2 காலை பூட்டு திறந்தது. சுமார் 38 லட்சம் படங்களை ஆவணக் காப்பகம் இணையத்தில் ஏற்றியது. கூட்டம் தாங்காமல் முதல் நாள் தளம் திணறியது. 1,60,000க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் சில மாதங்களிலேயே நாடு முழுமைக்கும் பெயர்ப்பட்டியல் தயாரித்துவிட்டார்கள். முன்னோரைத் தேடுகிறவர்களின் ஆசை இல்லையென்றால் மக்கள்தொகை ஆய்வாளர்களுக்கு இவ்வளவு பெரிய தட்டச்சு வேலை எந்த நிதியிலும் நடந்திருக்காது. வம்சாவளித் தகவல் விற்கும் ஆன்செஸ்ட்ரி நிறுவனத்தோடு சேர்ந்து மின்னசோட்டாக்காரர்கள் முழு 13 கோடி வரிகளையும் ஆய்வுக்கு ஏற்ற வடிவில் கொண்டுவந்தார்கள்.

அதன் பிறகு வரி தனியாக நிற்கவில்லை. பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் மூன்றையும் பொருத்தி 1940இன் ஆளை முந்தைய கணக்கெடுப்புகளின் சிறுவனோடு இணைக்கிறார்கள். பொருளியலாளர்கள் ரான் அப்ராமிட்ஸ்கியும் லியா பௌஸ்தானும் இப்படி இணைத்த வரிகளிலிருந்துதான், ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகள் அதே வருமானமுள்ள உள்நாட்டார் பிள்ளைகளைவிட வேகமாக முன்னேறினார்கள் என்று காட்டினார்கள். பெண்கள் மட்டும் வெகுநாள் வழியிலேயே தொலைந்தார்கள். கல்யாணத்தில் குடும்பப் பெயர் மாறிவிட்டால் இயந்திரத்துக்கு அவள் வேறு ஆள். குடும்பங்கள் தாங்களே வரைந்து வைத்திருந்த வம்ச மரங்களைக் கொண்டு அவர்களைத் திரும்ப இணைக்கும் வேலை அண்மைக் காலத்தில்தான் சூடு பிடித்தது.

ஐபம்ஸின் பன்னாட்டுப் பிரிவு 1999இல் தொடங்கியது. ராபர்ட் மெக்கா நாடு நாடாகச் சென்று புள்ளியியல் அலுவலகங்களைச் சம்மதிக்க வைத்தார். இன்று 100க்கும் மேற்பட்ட நாடுகள், நூறு கோடிக்கும் மேற்பட்ட ஆட்கள். பெயர் கிடையாது, சின்ன ஊர்கள் தெரியாது, விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். இந்தியாவின் பெயரும் பட்டியலில் உண்டு. ஆனால் அங்கே இருப்பது நம் கணக்கெடுப்பு அல்ல, தேசிய மாதிரி ஆய்வின் வேலைவாய்ப்புச் சுற்றுகள்.

ரகசியக் காப்பைப் பற்றிய சண்டை இப்போது வேறு இடத்துக்குப் போய்விட்டது. 2010 கணக்கெடுப்பின் வெளியான அட்டவணைகளை மட்டும் வைத்துக்கொண்டு, தனித்தனி ஆட்களின் வரிகளைத் திரும்பக் கட்டமுடிகிறதா என்று அலுவலகமே சோதித்துப் பார்த்தது. 46 சதவீதம் பேருக்கு இடம், பால், வயது, இனம் எல்லாம் அச்சாகப் பொருந்தின. வெளிச்சந்தையில் கிடைக்கும் பெயர்ப்பட்டியலோடு ஒப்பிட்டபோது 17 சதவீதம் பேரைப் பெயரோடு பிடிக்க முடிந்தது என்றார்கள். அதனால் 2020 அட்டவணைகளில் எண்களை வேண்டுமென்றே சற்று ஏற்றி இறக்கி வெளியிடுவது என்று முடிவாயிற்று. இதை முன்னின்று எதிர்த்தவர்களில் ரகிள்ஸும் ஒருவர். குருட்டாம்போக்கில் ஊகித்தாலே கிட்டத்தட்ட அவ்வளவு பொருத்தம் வரும், இதற்காகச் சின்ன ஊர்களின் கணக்கைக் கெடுப்பதா என்று அவரும் டேவிட் வான் ரைப்பரும் எழுதினார்கள். அலுவலகம் மசியவில்லை, 1942ஐ நினைத்துப் பார்த்தால் அதன் பயத்தைக் குறை சொல்வதும் கஷ்டம்தான். 2020இன் எண்கள் அப்படியே ஏற்றி இறக்கித்தான் வெளிவந்தன. கை படாத மூல வரிகளுக்கு 72 ஆண்டு விதி அப்படியே இருக்கிறது. அவற்றின் முறை 2092இல் வரும்.