கடையநல்லூரின் இருபது நிமிஷம்

கடையநல்லூர்ல ரமலான் மாலை. மேற்குத் தொடர்ச்சி மலை சூரியனை முன்னாடியே மறைச்சிடும். மஃரிப் பாங்குக்கு இன்னும் நேரம் இருக்கும். நேரம் கணிக்கிற நிரலுக்கு மலையெல்லாம் தெரியாதுங்க. சமதளத் தொடுவானம்னு வச்சுக்கிட்டு, சூரியனோட மையம் அதுக்குக் கீழே 50 கலை, அதாவது முக்கால் பாகைக்குக் கொஞ்சம் மேல, இறங்குற நொடியைத் தேடும். காற்று ஒளியை வளைப்பதற்கு 34, சூரியனின் பாதி அகலத்துக்கு 16.

அடுத்த எண்ணுலதான் வரலாறு இருக்கு. 1802-ல மெட்ராஸ் வானாய்வகத்தில் கோல்டிங்ஹாம் கணிச்ச தீர்க்கரேகையிலிருந்து வந்தது மெட்ராஸ் நேரம். ரயில்வேயும் பிறகு அதையே பிடிச்சுக்கிச்சு. 1906 ஜனவரி 1 முதல் 82.5 பாகையை வச்சு இந்திய நேரம். கடையநல்லூர் இருப்பது ஏறக்குறைய 77.35-ல. பாகைக்கு 4 நிமிஷம். ஊரோட சூரிய நேரம் கடிகாரத்துக்குச் சராசரியா 20 நிமிஷம் பின்னால. நிரல்ல அந்த ஒரு வரியை விட்டுட்டா, சூரியன் மறையுறதுக்கு 20 நிமிஷம் முன்னாடியே நோன்பு திறந்திருப்பாங்க.