வில்லுக்கத்தியும் சாணைக்கல்லும்

திருகோணமலையின் பெருமையைப் பேசுவோர் கோணேசர் ஆலயத்தைக் கூறுவர். பிரெடரிக் கோட்டையைக் கூறுவர். பெருங்கப்பல்கள் அச்சமின்றித் தங்கும் துறைமுகத்தைக் கூறுவர். சட்டைப்பையில் மடிந்து கிடக்கும் வில்லுக்கத்தியை எவரும் கூறுவதில்லை. கயிறு அறுக்கவும், பாக்குச் சீவவும், பென்சிற் கூரெடுக்கவும் உதவும் அச்சிறு கருவிக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் நடுவே ஒரு வினாவும் உண்டு. கத்தியின் கூருக்குப் பொறுப்பாளி யார்? அதைச் செய்தவனா, வைத்திருப்பவனா?

இவ்வினாவுக்கு விடை தரும் பழைய சான்று ஒன்று இத்துறைமுகப் பகுதியிலிருந்தே தொடங்குகின்றது. 1659ஆம் ஆண்டின் இறுதியில், ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல் சோழமண்டலக் கரையிற் புயலில் அகப்பட்டுப் பாய்மரத்தை இழந்தது. புதிய பாய்மரம் நாட்டுவதற்காக அது கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660இல் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பற்றலைவனையும் அவன் மகன் றொபேட் நொக்ஸையும் மாலுமிகள் சிலரையும் சிறைப்பிடித்தனர். தந்தை அடுத்த ஆண்டில் இறந்தார். மகனோ பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டில் வாழ்ந்து, 1679இல் மன்னார்ப் பகுதியிலுள்ள அரிப்புக் கோட்டைக்குத் தப்பிச் சென்றார். 1681இல் இலண்டனில் அவருடைய இலங்கை வரலாறு அச்சாயிற்று. அவரது நினைவுக் கல் ஒன்று மூதூரில் உண்டு.

நொக்ஸ் தாமே இரும்புச் சாமான்களை ஊரூராகக் கொண்டுசென்று விற்றவர். ஆதலின் கொல்லனின் பட்டறையை அவர் கூர்ந்து நோக்கியதில் வியப்பில்லை. அவர் காட்டும் காட்சி சுவையானது. கொல்லன் தன் ஆசனத்தை விட்டு எழுவதில்லை. வேலை கொண்டு வந்தவனே துருத்தி ஊதவேண்டும். பெரிய சம்மட்டியால் அடிப்பவனும் அவனே. கொல்லன் தன் சிறு சுத்தியலால் இடையிடையே தட்டி உருவத்தைத் திருத்துவான். அரத்தால் அராவ வேண்டியதாயின், உடையவனையே கல்லில் தேய்த்துவரச் சொல்வான். அவன் இயன்றமட்டும் தேய்த்துக் கொடுத்த பின்னரே கொல்லன் அரத்தை எடுத்து வேலையை முடிப்பான்.

கொல்லன் தன் உழைப்பைக் குறைக்கவே இவ்வாறு செய்தான் என்பது நொக்ஸின் கருத்து. அது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் அவ்வழக்கத்தால் விளைந்த நன்மை வேறொன்று. தன் கருவியைத் தானே கல்லில் தேய்த்தவனுக்கு அதன் குணம் தெரியும். அடுத்தமுறை கூர் மழுங்கும்போது அவன் கொல்லனைத் தேடி ஓடவேண்டியதில்லை.

அக்கொல்லர் கையாண்ட உருக்குக்கும் நீண்ட மரபு உண்டு. பருவக்காற்றின் வேகத்தையே துருத்தியாகக் கொண்டு இரும்புருக்கிய பழைய உலைகள் பலாங்கொடைக்கு அண்மையில், சமனலவெவப் பகுதியிற் கண்டெடுக்கப்பட்டன. அவ்வகை உலையொன்றை மீண்டும் கட்டி இயக்கிக் காட்டிய ஆய்வாளர் ஜில்லியன் ஜுலெப், தம் முடிவுகளை 1996இல் வெளியிட்டார். இரும்பை மண்மூசையிலிட்டு உருக்காக்கும் முறையை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நேரிற் கண்டு பதிவு செய்தார். அப்பொழுதே அத்தொழில் அழியும் நிலையில் இருந்தது. இறக்குமதியான ஐரோப்பிய உருக்கு அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

மடக்குக் கருவி தமிழருக்குப் புதியதன்று. ஏட்டில் எழுதியோர் மடக்கெழுத்தாணியைக் கையாண்டனர். ஓலை வாரும் கத்தியும் அதனோடு சேர்ந்திருக்கும். மேனாட்டிலோ இறகுப் பேனாவைச் சீவுவதற்கென்று எழுந்ததே பேனாக்கத்தி. அலகைத் திறந்த நிலையில் நிறுத்தும் வில்லு பொருந்திய கத்திகளைச் செய்து புகழ்பெற்றது இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரம். அந்த வில்லினாலேயே ஈழத்தமிழர் அதனை வில்லுக்கத்தி என்றனர்.

1795இல் பிரித்தானியர் திருகோணமலையைக் கைப்பற்றினர். 1957இற் கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு வந்தது. பிரித்தானிய மாலுமியின் மடக்குக் கத்தியில் அலகின் நுனி கூராக இராது. ஆடுங்கப்பலில் தன்னையோ பிறரையோ குத்திவிடாதிருத்தற் பொருட்டு மழுக்கப்பட்டிருக்கும். வடத்தின் புரிகளைப் பிரித்து இணைப்பதற்கு முள்ளொன்றும் அதில் மடிந்திருக்கும். தொழிலுக்கு ஏற்பவே கருவியின் உருவம் அமையும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இவ்வுண்மையை வீட்டில் இருப்பவரும் பயன்படுத்தலாம். நுனி முறிந்த கத்தியை எறிந்துவிட வேண்டியதில்லை. முதுகுப் பக்கத்தைச் சிறிது சிறிதாகக் கல்லில் தேய்த்தால் குறுகிய புதுநுனி அமையும். ஆனால் உலர்ந்த சாணைச் சக்கரத்தில் அவசரமாகப் பிடித்தல் கூடாது. சூடேறி அலகு நீலநிறம் கொண்டால், கொல்லன் இட்ட தோய்ச்சல் கெட்டு உருக்கு மென்மையாகிவிடும். கல்லை நனைத்து, அலகைச் சிறிதளவே சாய்த்து, அச்சாய்வு மாறாமல் ஒரு பக்கத்தைத் தேய்க்கவேண்டும். விளிம்பின் மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழுந்ததும் கத்தியைத் திருப்பவேண்டும். முதலிற் சொரசொரப்பான கல், பின்பு வழவழப்பான கல், முடிவிற் பிசிறு நீங்கத் தோல்வாரில் இழுப்பு. மூட்டாணியில் ஒரு துளி எண்ணெய் இட்டால் வில்லும் தளராது உழைக்கும்.

இன்று மலிவான கத்திகள் எங்கும் கிடைக்கின்றன. மழுங்கியதை எறிந்து புதியதை வாங்குவது எளிது. ஆனால் எறியப்படுவது கத்தி மட்டுமன்று. அதைப் பேணும் கைப்பழக்கமும் அதனுடன் போகின்றது. சமனலவெவ உலைகளை ஆய்வாளர் மீண்டும் கட்டிப் பார்த்தனர்; கையை விட்டகன்ற தொழிலை மீட்டறிய அத்துணை முயற்சி வேண்டியிருந்தது. கத்தியைச் செய்தல் கொல்லனின் கடன். அதன் கூரைக் காத்தல் உடையவனின் கடன். கொட்டியாரத்திற் சிறைப்பட்ட அந்நியர் ஒருவர் எழுதி வைத்த பட்டறைக் காட்சி உணர்த்துவது இதுவேயாம்.