எல்லை தாண்டினா எஸ்சி இட ஒதுக்கீடு கிடையாது, ஆனா ஸ்காலர்ஷிப் உண்டு: வில்லியனூர், பாகூர் மாணவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

பிளஸ் 2 ரிசல்ட் வந்ததும் வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் பல பட்டியலின வீடுகளில் எழும் முதல் கேள்வி: "முதல் வருஷ ஃபீஸ் எப்படிக் கட்டறது?"

இதற்குப் பதில் கிடைப்பதற்குள் வீட்டுப் பையன் சேதராப்பட்டிலோ திருபுவனையிலோ ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போய்விடுகிறான். "ஒரு வருஷம் சம்பாதிச்சுட்டு அப்புறம் படிக்கிறேன்" என்று சொல்லிப் போகிறவர்களில் பலர் திரும்பக் கல்லூரிப் பக்கம் வருவதில்லை.

உதவித்தொகை இல்லாமல் இல்லை. ஆனால் புதுச்சேரி மாணவர்கள் இரண்டு இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, மாநில எல்லை. இன்னொன்று, பணம் வந்து சேரும் நேரம். இரண்டையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டால் ஒரு வருஷம் வீணாகாது.

புதுச்சேரியில் எவ்வளவு இடம்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புதுச்சேரி யூனியன் பிரதேச மக்களில் 15.7 சதவீதம் பேர் பட்டியலினத்தவர். சென்டாக் மூலம் நடக்கும் மாணவர் சேர்க்கையில் எஸ்சி பிரிவுக்கு 16 சதவீத ஒதுக்கீடு உண்டு.

தாகூர் அரசு கலை அறிவியல் கல்லூரி, கதிர்காமம் இந்திரா காந்தி அரசு கலைக் கல்லூரி, தவளக்குப்பம் ராஜீவ் காந்தி அரசு கலை அறிவியல் கல்லூரி, பிள்ளைச்சாவடியில் உள்ள புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் எல்லாம் மாணவர்கள் அதிகம் நாடும் இடங்கள். வில்லியனூரிலேயே இருக்கும் கஸ்தூர்பா கல்லூரி மகளிருக்கானது. அதனால் அந்தப் பக்கத்துப் பசங்க பஸ் ஏறி நகரத்துக்குப் போக வேண்டும், இல்லையென்றால் எல்லை தாண்ட வேண்டும்.

எல்லை தாண்டினால் என்ன ஆகும்?

பாகூர் பக்கத்தில் முள்ளோடையைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். வில்லியனூரிலிருந்து மேற்கே மதகடிப்பட்டு தாண்டினால் விழுப்புரம் மாவட்டம். கல்யாணம், சந்தை, ஆஸ்பத்திரி என்று மக்கள் தினமும் போய் வரும் ஊர்கள்தான். ஆனால் சாதிச் சான்றிதழ் அந்த எல்லையில் நின்றுவிடும்.

காரணம், அரசமைப்புச் சட்டத்தின் 341-வது பிரிவு. எந்தச் சாதிகள் பட்டியலினம் என்பதை ஒவ்வொரு மாநிலத்துக்கும் யூனியன் பிரதேசத்துக்கும் தனித்தனியாக குடியரசுத் தலைவர் அறிவிக்கிறார். புதுச்சேரிக்கான பட்டியல் 1964-ல் வந்தது. இரண்டு பக்கமும் ஒரே சாதிப் பெயர் இருந்தாலும், புதுச்சேரி எஸ்சி சான்றிதழை வைத்து தமிழ்நாடு அரசின் எஸ்சி ஒதுக்கீட்டில் இடம் கேட்க முடியாது. அங்கே பொதுப் பிரிவில்தான் போட்டியிட வேண்டும்.

இந்தச் சட்ட நிலையை உச்ச நீதிமன்றம் 1990-ல் மாரி சந்திரசேகர ராவ் வழக்கில் உறுதி செய்தது. ஆந்திராவில் பழங்குடியினர் பட்டியலில் இருந்த ஒரு சமூகத்தைச் சேர்ந்த மாணவர், மும்பையில் மருத்துவக் கல்லூரி ஒதுக்கீடு கேட்டார். கிடைக்கவில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. மத்திய அரசு நிறுவனங்களில் இந்த எல்லை கிடையாது. காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகம், ஜிப்மர், காரைக்காலில் உள்ள என்ஐடி, நாட்டில் எங்கே இருக்கும் ஐஐடி என்றாலும், புதுச்சேரி எஸ்சி சான்றிதழ் செல்லும். அங்கே எஸ்சி ஒதுக்கீடு 15 சதவீதம்.

அப்போ ஸ்காலர்ஷிப்பும் போயிடுமா?

போகாது. பலரும் தவறவிடும் விஷயம் இதுதான். எஸ்சி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்பை, மாணவர் எந்த மாநிலத்தவரோ அந்த மாநில அரசுதான் தர வேண்டும். அவர் படிக்கும் மாநிலம் தருவதில்லை. கடலூரிலோ விழுப்புரத்திலோ சென்னையிலோ அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்தாலும், பாகூர் மாணவர் புதுச்சேரி ஆதிதிராவிடர் நலத்துறை வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

சுருக்கமாக: எல்லையில் நிற்பது சீட்டு மட்டும்தான், ஸ்காலர்ஷிப் கூடவே வரும்.

ஆனால் புதுச்சேரி அரசு தன் பணத்தில் தரும் சில உதவிகள், உதாரணமாக பெருந்தலைவர் காமராஜர் நிதியுதவித் திட்டம், சென்டாக் வழியாகச் சேர்ந்தவர்களுக்கானவை. நேரடியாகப் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டு பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம். அதனால் வெளியே சேரும் எண்ணம் இருந்தாலும், சென்டாக் விண்ணப்பத்தைப் போட்டு வைப்பது நல்லது.

எவ்வளவு கிடைக்கும்?

பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கல்லூரி கட்டாயமாக வசூலிக்கும், திருப்பித் தராத கட்டணங்கள் இதில் அடங்கும். அதோடு வருஷத்துக்கு ஒரு படிப்புத் தொகையும் உண்டு. 2020-21 முதல் நடைமுறைக்கு வந்த விகிதம் இது:

• பொறியியல், மருத்துவம் போன்ற பட்டப் படிப்புகள்: விடுதியில் தங்கினால் 13,500 ரூபாய், வீட்டிலிருந்து போய் வந்தால் 7,000 ரூபாய்
• நர்சிங், பி.பார்ம், சட்டம் போன்றவை: 9,500 / 6,500 ரூபாய்
• பி.ஏ., பி.எஸ்சி., பி.காம்.: 6,000 / 3,000 ரூபாய்
• பிளஸ் 1, பிளஸ் 2, ஐடிஐ: 4,000 / 2,500 ரூபாய்

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு இதில் 10 சதவீதம் கூடுதல்.

ஊரில் பரவலாக இருக்கும் ஒரு தப்பான எண்ணம்: "அண்ணன் வாங்கிட்டான், தம்பிக்குக் கிடைக்காது." அப்படி இல்லை. ஒரே வீட்டில் எத்தனை பிள்ளைகள் படித்தாலும் எல்லோருக்கும் உண்டு. ஆனால் ஒரு பட்டம் முடித்துவிட்டு அதே நிலையில் இன்னொரு பட்டம் சேர்ந்தால் கிடைக்காது. பி.ஏ. முடித்தவர் மறுபடி பி.காம். சேர்வது மாதிரி. வேறொரு மத்திய அரசு ஸ்காலர்ஷிப்பையும் சேர்த்து வாங்க முடியாது.

பணம் லேட்டா வந்தா என்ன பண்றது?

ஃபீஸ் கட்டச் சொல்வது சேரும் அன்று. ஸ்காலர்ஷிப் வங்கிக் கணக்குக்கு வருவது, விண்ணப்பம் சரிபார்த்து முடிந்த பிறகு. நடுவில் இருக்கும் மாதங்களுக்கு வட்டிக்கு வாங்கும் குடும்பங்கள்தான் அதிகம். அந்த வட்டி எந்தத் திட்டத்திலும் திரும்பி வராது.

இந்த இடைவெளிக்காக மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறையில் 'ஃப்ரீஷிப் கார்டு' என்று ஒரு வசதி சொல்லப்பட்டிருக்கிறது. தகுதியான மாணவருக்கு மாநில அரசு இதைக் கொடுத்தால், முன்பணம் கட்டாமல் கல்லூரியில் சேரலாம். ஸ்காலர்ஷிப் வந்ததும் கட்டுகிறேன் என்று மாணவர் உறுதி தர வேண்டும். சேர்க்கைக்கு முன்பே நலத்துறையில் போய் இதைப் பற்றிக் கேளுங்கள்.

இன்னொன்று: பணம் பாக்கி என்று சொல்லி அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது. யுஜிசி 2018-ல் வெளியிட்ட அறிவிப்பு இதைத் தெளிவாகச் சொல்கிறது. சேர்க்கையின்போது அசலைக் காட்டி, நகலைக் கொடுத்தால் போதும்.

கடன் வாங்கியே ஆக வேண்டும் என்றால், கந்துவட்டிக்கு முன்னால் வங்கி. 4 லட்சம் ரூபாய் வரை கல்விக் கடனுக்கு வங்கி சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது.

பெரிய நிறுவனத்தில் சீட் கிடைத்தால்?

ஐஐடி, என்ஐடி, ஐஐஎம் போன்ற, அரசு பட்டியலிட்ட நிறுவனங்களில் சேரும் எஸ்சி மாணவர்களுக்கு 'டாப் கிளாஸ்' திட்டம் உண்டு. இதில் வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய். கல்விக் கட்டணத்தோடு முதல் வருஷம் 86,000 ரூபாயும், அடுத்த ஒவ்வொரு வருஷமும் 41,000 ரூபாயும் தங்கும் செலவு, புத்தகம், கம்ப்யூட்டருக்காகக் கிடைக்கும்.

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 2023 முதல் புதுச்சேரியில் எம்பிபிஎஸ் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 சதவீத உள் ஒதுக்கீடு நடைமுறையில் இருக்கிறது.

தமிழ்நாட்டு 1,000 ரூபாய் நமக்கு வருமா?

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கு 2022 செப்டம்பரில் 'புதுமைப் பெண்' வந்தது. பசங்களுக்கு 2024 ஆகஸ்டில் 'தமிழ்ப் புதல்வன்' வந்தது. இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். கடலூர்ச் சொந்தக்காரப் பையனுக்கு வருகிறதே என்று பாகூரில் கேட்பது நியாயம்தான். ஆனால் அது தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கானது. புதுச்சேரி அரசுப் பள்ளியில் படித்தவர் கடலூர்க் கல்லூரியில் சேர்ந்தாலும் கிடைக்காது. அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

இந்தத் திட்டம் எப்ப ஆரம்பிச்சது?

பாகூருக்கும் உயர்கல்விக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 9-ம் நூற்றாண்டில், பல்லவ மன்னர் நிருபதுங்கவர்மன் காலத்தில், இங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்களின் வருவாய் தானமாகக் கொடுக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. அது வேதம் படித்த அந்தணர்களுக்கானது. சேரியில் இருந்தவர்களுக்குப் படிக்க அரசுப் பணம் வர மேலும் ஆயிரம் ஆண்டு ஆனது.

எஸ்சி மாணவர்களுக்கான இந்த ஸ்காலர்ஷிப் 1944-ல் பிரிட்டிஷ் இந்தியாவில் தொடங்கியது. அப்போது வைஸ்ராய் நிர்வாக சபையில் உறுப்பினராக இருந்தவர் அம்பேத்கர். அதே 1944-ல்தான் அமெரிக்காவில் கறுப்பின மாணவர்களின் கல்லூரிகளுக்கு நிதி திரட்ட யுனைடெட் நீக்ரோ காலேஜ் ஃபண்ட் தொடங்கப்பட்டது.

அங்கேயும் சீட் கிடைப்பதோடு பிரச்சினை முடியவில்லை. கறுப்பின ஆண்களுக்கான மோர்ஹவுஸ் கல்லூரியில் 2019-ல் பட்டம் வாங்கிய சுமார் 400 பேரின் கல்விக் கடனை ராபர்ட் ஸ்மித் என்ற கோடீஸ்வரர் அடைத்தார். தொகை 3.4 கோடி டாலர். அடுத்த வருஷம் பட்டம் வாங்கியவர்களின் கடன் அப்படியே இருந்தது. ஒரு நல்ல மனிதரின் தர்மம் ஒரு வகுப்போடு நின்றுவிடும். அரசுத் திட்டம் உரிமை. வருஷா வருஷம் கேட்டு வாங்கலாம்.

இப்பவே செய்ய வேண்டியது என்ன?

1. சாதி, குடியிருப்பு, வருமானச் சான்றிதழ்களை ரிசல்ட்டுக்கு முன்பே வாங்கி வையுங்கள். வில்லியனூருக்கும் பாகூருக்கும் தனித்தனி தாலுகா அலுவலகம் இருக்கிறது. ரிசல்ட் வந்த பிறகு அங்கே கூட்டம் அதிகம்.

2. குடும்பம் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியதா? புதுச்சேரியில் எஸ்சி சான்றிதழில் பூர்வீகம், குடிபெயர்ந்தோர் என்ற பிரிவு உண்டு. உச்ச நீதிமன்றம் வரை போன விஷயம் இது. உங்களுக்கு எந்தச் சான்றிதழ் கிடைக்கும், அது எதற்கெல்லாம் செல்லும் என்று தாசில்தார் அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள்.

3. மாணவரின் பெயரிலேயே வங்கிக் கணக்கு வேண்டும். அதில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். சான்றிதழ், ஆதார், மார்க் ஷீட் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள்.

4. சென்டாக் விண்ணப்பத்தைக் கடைசி நாளுக்குத் தள்ள வேண்டாம்.

5. சேர்ந்த பிறகு ஸ்காலர்ஷிப்பை ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும். வருகைப் பதிவு குறைந்தால் அது சிக்கலாகும். பார்ட் டைம் வேலைக்குப் போகிற தம்பிகள் இதைக் கவனிக்கணும்.

6. ஏற்கெனவே ஒரு வருஷம் வேலைக்குப் போயாச்சா? பரவாயில்லை. பிளஸ் 2 சான்றிதழ் காலாவதி ஆவதில்லை. அடுத்த சேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம், ஸ்காலர்ஷிப்பும் கேட்கலாம்.