பனிமலைச் சத்திரம்

எனக்குப் பனி என்றால் மார்கழி விடியற்காலையில் புல் நுனியில் நிற்கிறதே, அதுதான். ஆளை மூழ்கடிக்கும் பனியை நான் கண்டதில்லை. மலை ஏறுவதிலும் சூரன் அல்ல. பழனிப் படிகளையே இரண்டு இடத்தில் உட்கார்ந்து ஏறுகிறவன். இருந்தும் ஆஸ்திரியா தேசத்து மலையேறும் சங்கங்களின் சரித்திரத்தைப் புரட்டத் தொடங்கியவன், சில வாரங்கள் அதிலேயே கிடந்தேன். என்னைப் பிடித்து நிறுத்தியது மலை அல்ல. மலைமேல் இருந்த ஓர் அறை.

ஆல்ப்ஸ் மலைகளின் உயரத்தில் ஆங்காங்கே சிறு கட்டடங்கள் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் குடில் என்கிறார்கள். செய்கிற காரியத்தைப் பார்த்தால் நம்முடைய 'சத்திரம்' என்ற சொல்தான் பொருந்துகிறது. மலையேறும் சங்கங்கள் அங்கத்தினர்களிடம் பணம் திரட்டிக் கட்டியவை அவை. கோடையில் காப்பாளர் ஒருவர் அங்கேயே தங்கி, சூப்பும் ரொட்டியும் விற்பார். குளிர்காலம் வந்ததும் கட்டடத்தைப் பூட்டிக்கொண்டு பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுவார். ஆனால் மூலையில் ஓர் அறையை மட்டும் வழிப்போக்கர்களுக்கென்று விட்டுவிட்டுப் போவார். குளிர்கால அறை என்று அதற்குப் பெயர். சில இடங்களில் அது திறந்தே கிடக்கும். சில இடங்களில் சங்கத்தாரிடம் பொதுச் சாவி ஒன்று இருக்கும்.

உள்ளே ஓர் இரும்பு அடுப்பு, அடுக்கி வைத்த விறகு, கம்பளிகள், நாலைந்து பாத்திரங்கள். வருகிறவன் அடுப்பை மூட்டிக் குளிர் காயலாம். பனியை உருக்கித் தேநீர் போட்டுக்கொள்ளலாம். முன்பின் தெரியாத ஆறு பேரோடு தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒரே நீண்ட பரணில் உறங்கலாம். காலையில் புறப்படுமுன் சாம்பலை அள்ளித் தரையைப் பெருக்க வேண்டும். அடுத்து வருகிறவனுக்கு விறகு பிளந்து வைக்க வேண்டும். அங்கிருக்கும் புத்தகத்தில் தன் பெயரையும், எந்தப் பக்கம் போகிறான் என்பதையும் எழுத வேண்டும். பனிச்சரிவில் அகப்பட்டுக்கொண்டால் தேடி வருகிறவர்களுக்கு அந்த ஒரு வரிதான் துப்பு. கடைசியாக, கட்டணத்தை உண்டியலில் போட வேண்டும். போட்டானா இல்லையா என்று பார்க்க அங்கே ஆள் கிடையாது.

மலைச் சங்கங்கள் 1862லேயே வியன்னாவில் ஆரம்பித்துவிட்டன என்றாலும், குளிர்காலத்தில் மலைமேல் போகிறவர்கள் வெகு சிலரே. அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி என்ற விசித்திர மனிதர். லிலியன்ஃபெல்டு என்ற ஊர் அருகே தனியாக வசித்தவர். நான்சென் கிரீன்லாந்தைக் கடந்த கதையைப் படித்துவிட்டு, நார்வேயிலிருந்து ஒரு ஜோடி பனிச்சறுக்குக் கட்டைகளைத் தருவித்தார். நார்வேக் கட்டைகள் ஆல்ப்ஸின் செங்குத்துச் சரிவுக்கு ஒத்துவரவில்லை. தாமே வெட்டி, ஒட்டி, காலைப் பிணைக்கும் பூட்டை மாற்றி, ஒற்றைக் கோலைக் கையில் பிடித்துச் சறுக்கும் முறையைக் கண்டுபிடித்து 1896இல் புத்தகமும் எழுதினார். அதன்பின் எத்தனையோ பேருக்குக் காலணா வாங்காமல் கற்றுக்கொடுத்தார்.

பிறகு கேட்க வேண்டுமா? சனிக்கிழமை தோறும் வியன்னாவிலிருந்து தெற்கே போகிற ரயில்களில் கட்டைகளும் முதுகுப் பைகளுமாகக் கூட்டம். ராக்ஸ் மலைக்கு 1926இல் கம்பிவட ஊர்தியே வந்துவிட்டது. பணக்காரர்கள் மட்டும் போனார்கள் என்று எண்ண வேண்டாம். 1895இல் ஓர் ஆசிரியர், ஓர் உலோகத் தொழிலாளி, கார்ல் ரென்னர் என்ற சட்ட மாணவர் ஆகியோர் சேர்ந்து தொழிலாளருக்கென்று 'இயற்கை நண்பர்கள்' சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்த மாணவர் பிற்காலத்தில் ஆஸ்திரியக் குடியரசின் தலைவரானார்.

அந்த மலைவாசிகளிடம் ஒரு வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. ஜெர்மன் மொழியிலும் நம்மைப் போல 'நீ' உண்டு, 'நீங்கள்' உண்டு. ஆயிரம் மீட்டருக்கு மேலே 'நீங்கள்' கிடையாது என்பார்கள். கீழே கோர்ட்டில் நீதிபதியாக இருப்பவரும் மேலே வெறும் 'நீ'தான்.

ஆனால் மேலே 'நீ' என்று அழைத்தவர்கள் கீழே ஒரு சட்டம் செய்தார்கள்.

முதல் உலக யுத்தத்தில் தோற்று, சாம்ராஜ்யம் சிதறி, வியன்னாவில் ரொட்டிக்கும் கரிக்கும் அல்லாடிய காலம். யார்மேலாவது பழி போட வேண்டியிருந்தது. ஜெர்மானிய ஆஸ்திரிய ஆல்ப்ஸ் சங்கம் பல கிளைகளாக இயங்கியது. ஒவ்வொரு கிளையும் தன் அங்கத்தினரைத் தானே சேர்த்துக்கொள்ளும். வியன்னாவின் பெரிய கிளைகளில் ஒன்றான 'ஆஸ்திரியா' கிளை, எடுவார்டு பிஹ்ல் என்பவரின் தலைமையில், 1921இல் ஆரியர் அல்லாதவருக்கு இடமில்லை என்று விதி செய்தது. நேற்றுவரை ஒரே கயிற்றில் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஏறிய யூதர்கள் இன்று அன்னியர்கள்!

வெளியேற்றப்பட்டவர்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. அதே ஆண்டு 'டோனாவ்லாந்து' என்று தனிக் கிளை அமைத்தார்கள். யூதர் அல்லாதவர்களும் சிலர் மனம் பொறாமல் அவர்களோடு சேர்ந்தார்கள். இசை அறிஞர் யோசெஃப் பிரவுன்ஸ்டைன் சங்கத்தின் செய்தி ஏட்டை நடத்தினார். பின்னாளில் ஹாலிவுட்டில் 'ஹை நூன்' படத்தை எடுத்த ஃப்ரெட் ஸின்னமான் அதில் அங்கத்தினர். மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கிலும் அங்கத்தினர். ராக்ஸ் மலைப் பாறைகள் அவருக்குக் கோயில் மாதிரி.

தலைமைச் சங்கத்துக்கு இந்த ஒரு கிளையும் உறுத்தியது. 1924 டிசம்பர் 14ஆம் தேதி மியூனிக்கில் கூடி, பெருவாரியான வாக்குகளால் அதை நீக்கினார்கள். பிறகு பல சத்திரங்களில், யூதருக்கும் டோனாவ்லாந்தாருக்கும் இங்கே வரவேற்பு இல்லை என்ற பலகைகள் தொங்கின. நம்மூர்ச் சத்திரங்களில் யாருக்கு இலை, யாருக்குத் திண்ணை என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல.

கதை எழுதுகிற புத்தி என்னை விடவில்லை. பனிப்புயலில் இரண்டு மணி நேரம் தடவித் தடவி ஒருவன் கதவண்டை வந்து சேருகிறான். விளக்கொளியில் பலகையைப் படிக்கிறான். போன வருஷம் இந்த அறைக்கு விறகு பிளந்து வைத்துவிட்டுப் போனவன் அவன்தான். என்ன செய்திருப்பான்? உள்ளே அடுப்பருகில் இருந்தவர்கள் என்ன செய்திருப்பார்கள்? ஒருவனாவது எழுந்து கதவைத் திறந்திருப்பான் என்று நம்பத்தான் ஆசை.

மனசாட்சி உள்ளவர்கள் இல்லாமல் இல்லை. மியூனிக் தீர்மானத்தைச் சகிக்காமல் பெர்லின் கிளையிலிருந்து பலர் விலகித் தனிச் சங்கம் கண்டார்கள். ஸில்லர்டால் பகுதியில் சுமார் 2500 மீட்டர் உயரத்தில் ஃப்ரீசன்பெர்க் என்ற கல் வீட்டைக் கட்டினார்கள். ஜெர்மனியில் ஹிட்லர் வந்ததும் அந்தச் சங்கம் கலைந்தது. வீடு டோனாவ்லாந்து கைக்கு வந்தது. 'இயற்கை நண்பர்கள்' சங்கம் 1934இல் ஆஸ்திரிய அரசால் தடை செய்யப்பட்டது. 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவையும் விழுங்கினான், டோனாவ்லாந்தும் போயிற்று. ஃப்ரீசன்பெர்க் வீட்டில் ஜெர்மன் ராணுவம் புகுந்தது.

ஃபிராங்கில் 1942இல் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். தாய், தந்தை, மனைவி, சகோதரன் என்று ஒவ்வொருவராகப் பறிகொடுத்து, 1945இல் அவர் மட்டும் வியன்னாவுக்குத் திரும்பினார். மறுபடி மலை ஏறினார். எண்பது வயது வரை ஏறினார்.

அதே 1945இல் டோனாவ்லாந்தையும் புதுப்பித்தார்கள். வீடு திரும்பக் கிடைத்தது. அதில் தங்குவதற்கு அங்கத்தினர்கள்தாம் இல்லை. பராமரிக்க முடியாமல் 1968இல் அதை ஆல்ப்ஸ் சங்கத்தின் பெர்லின் கிளையிடமே கொடுத்துவிட்டார்கள். 1976இல் டோனாவ்லாந்து கலைக்கப்பட்டது. 2003 முதல் அந்த வீடு, துவேஷத்துக்கு எதிராக இளைஞர்கள் கூடிப் பேசும் இடமாக இருந்து வருகிறது.