மிளகாயும் முதுகுத்தண்டும்

கொச்சியில் குடியேறிய தமிழர்களுக்கு மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளின் அநுபவம் ஒன்று நினைவிருக்கும். மூட்டையைத் தொட வேண்டியதில்லை. வற்றல் மிளகாயின் நெடி பட்டதுமே கண் கரித்துத் தும்மல் வரும்.

மிளகு இந்தக் கரைக்கே உரியது. அதைத் தேடிப் போர்த்துக்கீசியரான காப்ரால் 1500-ஆம் ஆண்டில் கொச்சிக்கு வந்தார். மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியே இந்நாட்டை அடைந்தது. புதிய காய்க்கு நம் முன்னோர் மிளகின் பெயரையே சூட்டினார்கள். அது பொருத்தமே. மிளகின் பைப்பரீனும் மிளகாயின் காப்சைசினும் நரம்பு நுனியில் ஒரே வாயிலைத்தான் தட்டுகின்றன. கொதிக்கும் சூட்டை உணர்த்துவதும் அவ்வாயிலே. 1997-இல் அதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆகவே, காரம் என்பது ஒருவகை எரிச்சலே அன்றிச் சுவையன்று. அறுசுவை வகுத்த நூலோர் மன்னிப்பார்களாக.

அந்த எரிச்சல் முதுகுத்தண்டுக்குள் எவ்வாறு புகுகிறது? 1931-இல் லண்டனில் வான் ஆய்லர், காடம் என்ற இருவர் குதிரையின் மூளையிலிருந்தும் குடலிலிருந்தும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். அதற்குப் ‘பொருள் பி’ என்ற பெயர் நிலைத்தது. பதினொரு அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி அது என்று சூசன் லீமன் குழுவினர் 1971-இல் காட்டினர். இத்தகைய நரம்புச் சங்கிலிகளை நியூரோபெப்டைடுகள் என்பர். வலியைச் சுமந்துவரும் நரம்பிழைகள் முதுகுத்தண்டில் இதைச் சுரக்கின்றன. அங்குள்ள உயிரணுக்களின் மேற்பரப்பில் இதைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறு உண்டு. அதை ‘ஏற்பி’ என்கிறோம். மொழிபெயர்ப்பாளனான எனக்கு அச்சொல்லில் ஒரு குறை தோன்றும்: அது வெறுமனே ஏற்பதில்லை, ஏற்றவுடன் உயிரணுவையே உசுப்பிவிடுகிறது. எலியின் ஏற்பியை ஜப்பானின் நகானிஷி குழுவினர் 1989-இல் அடையாளம் கண்டனர்.

மிளகாய் இங்கே மீண்டும் வருகிறது. காப்சைசின் செலுத்திய எலிகளின் வலி நரம்புகளில் பொருள் பி வற்றிப்போவதை ஜெசல், ஐவர்சன், குவெல்லோ ஆகியோர் 1978-இல் வெளியிட்டனர்.

புண் ஆறியும் ஆறாத வலி உண்டு. அக்கி மறைந்து பல மாதங்கள் சென்ற பின்னும், புடவைத் தலைப்பு பட்டாலே என் தாயார் துடித்தார். அன்று அதன் காரணம் எவருக்கும் விளங்கவில்லை. 1997-இல் மாண்டி குழுவினர், பொருள் பி-யுடன் ஒரு நஞ்சைப் பிணைத்து எலிகளின் முதுகுத்தண்டில் செலுத்தினர். ஏற்பியுடைய உயிரணுக்கள் மட்டும் அழிந்தன. சாதாரண வலியுணர்வு எஞ்சியது. காயத்துக்குப் பின் பெருகும் மிகைவலி வெகுவாகக் குறைந்தது.

நம்பிக்கை பிறந்தது. எனினும் ஏற்பியை அடைக்கும் மருந்துகள் மனிதனின் வலியைத் தணிக்கத் தவறின. அவற்றுள் ஒன்றான அப்ரெபிடென்ட், 2003-இல் புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் வாந்தியைத் தடுக்கும் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அக்கிக்குப் பிந்திய வலிக்கு அங்கு 2009-இல் அனுமதிக்கப்பட்டதோ தோலில் ஒட்டும் ஒரு பட்டை. அதிலுள்ள மருந்து காப்சைசின்தான்.